அடியில் கிடக்கும் முதற்பனி!

கார்த்திகை மாதக் காலையொன்றில் புதூரில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாளிதழ் வாசித்துக் கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் பெண்மணி, செம்பில் பாலை அளந்து ஊற்றிவிட்டுப் புறப்படாமல் நின்றார். அவருடைய மகன் ராணுவத்தில் சேர்ந்து, வடக்கு எல்லையில் மலைமீதிருக்கும் காவல் நிலை ஒன்றில் முதன்முறையாகப் பணியமர்த்தப்பட்டிருந்தான். "சார், வடக்க பனி விழ ஆரம்பிச்சிருச்சுன்னு டி.வி.யில சொல்றான். இது மொதப் பனிதான, கொஞ்சம்தான் விழுந்திருக்கு. தை, மாசியிலதான பயம்? இப்பப் பயப்பட வேண்டாம்லா?" என்று கேட்டார்.

ஆறுதலாக ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால், பொருளியல் வகுப்பறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் நின்றவனுக்கு, கேள்வியிலேயே ஒரு பிழையான அனுமானம் ஒளிந்திருப்பது தெரிந்த பிறகு பேசாமல் இருக்க முடிவதில்லை. பனி குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்பதே அந்த அனுமானம். படித்தவர்களும், ஆண்டிறுதி விடுமுறைக்கு இமயமலைப் பயணம் திட்டமிடும் இளைஞர்களும் இதே அனுமானத்தோடுதான் இருக்கிறார்கள். அது தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் மொழியில் உள்ள ஒரு சிக்கலைக் கூறிவிட வேண்டும். முன்பனி, பின்பனி என்று ஆண்டின் பருவங்களையே பனியைக் கொண்டு பகுத்தவர்கள் நாம். ஆனால், அந்தப் பனி மார்கழி விடியலில் பருத்தி இலையின்மீது படியும் ஈரம். உதகையின் புல்வெளியில் வெண்மையாக உறைவதும் நமக்குப் பனிதான். சியாச்சினில் ஆளுயரத்துக்குக் குவிவதும் பனிதான். ஒரே சொல் மூன்றையும் சுமப்பதால், வெயில் ஏறினால் விலகிவிடும் ஒன்றாகவே பனியை நம் மனம் கற்பனை செய்கிறது. மலையில் விழும் பனியோ விலகுவதில்லை. அடுக்கடுக்காகப் படிந்து மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

பருவத்தின் தொடக்கத்திலேயே நிகழ்ந்த பேரிடர்கள் சிலவற்றை நினைவுகூர்வோம். 2022 அக்டோபர் 4-ஆம் தேதி, உத்தரகண்டில் 'திரௌபதி கா தண்டா' சிகரத்தை நோக்கிச் சென்ற நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் காணாமற்போயினர். அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட், மகாலு ஆகிய இரு சிகரங்களையும் 16 நாள்களுக்குள் ஏறி முடித்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் உயிரிழந்தவர்களில் ஒருவர். அப்போது குளிர்காலம் தொடங்கவேயில்லை; தென்மேற்குப் பருவமழை விடைபெற்றுக் கொண்டிருந்த நேரம் அது.

2019 நவம்பர் 18-ஆம் தேதி, வடக்கு சியாச்சினில் ஏறத்தாழ 19,000 அடி உயரத்தில் ரோந்து சென்றவர்கள் பனிச்சரிவில் புதையுண்டதில், ராணுவ வீரர்கள் நால்வரும் சுமைதூக்கும் பணியாளர்கள் இருவரும் இறந்தனர். அதே மாதம் 30-ஆம் தேதி, தெற்கு சியாச்சினில் நேரிட்ட மற்றொரு சரிவு மேலும் இரு வீரர்களைப் பலிகொண்டது. தை, மாசி வருவதற்கு முன்பே, ஒரே மாதத்தில், ஒரே பனியாற்றுப் பகுதியில் எட்டு உயிர்கள்!

இதற்கான காரணம் பனியின் அளவில் இல்லை; அதன் அடுக்குகளில் இருக்கிறது. மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரே பொருளாலான போர்வையன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. ஒன்று பஞ்சுபோல இருக்கும். மற்றொன்று காற்றடித்துப் பலகைபோல இறுகியிருக்கும். இன்னொன்று வெயிலில் உருகி மீண்டும் உறைந்து கண்ணாடி போன்ற மேலோடாகியிருக்கும். ஒரு கட்டடத்தின் வலிமையை அதன் மிக நலிந்த தூண் தீர்மானிப்பதைப் போல, ஒரு பனிச்சரிவின் உறுதியை அதன் மிக நலிந்த அடுக்கே தீர்மானிக்கிறது. அந்த நலிந்த அடுக்கு பெரும்பாலும் உருவாவது பருவத்தின் முதற்பனியில்தான்.

எவ்வாறு? எளிய கணக்கு ஒன்று போதும். கோடையெல்லாம் வெப்பத்தைச் சேமித்து வைத்த தரை, பனி மூடிய பிறகும் பொதுவாகப் பூஜ்ய டிகிரி அளவிலேயே இருக்கும். மேலே வீசும் காற்று பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி என்று கொள்வோம். பனியின் கனம் 3 மீட்டராக இருந்தால், அந்த 15 டிகிரி வேறுபாடு 3 மீட்டருக்குள் பரவிவிடுகிறது. மீட்டருக்கு 5 டிகிரி என்ற அளவில் அது மிதமானது. பனியின் கனம் வெறும் 30 சென்டிமீட்டராக இருந்தாலோ, அதே வேறுபாடு மீட்டருக்கு 50 டிகிரி என்ற கணக்கில் கூர்மையாகிவிடும். மீட்டருக்கு 10 டிகிரி என்பதைத்தான் வல்லுநர்கள் தோராயமான எல்லையாகக் கொள்கின்றனர். முதற்பனி அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுகிறது.

அந்த எல்லை தாண்டப்படும்போது அடியிலுள்ள வெதுவெதுப்பான பனித்துகள்களிலிருந்து நீராவி கிளம்பி, மேலேயுள்ள குளிர்ந்த துகள்களின்மீது படிகிறது. சில நாள்களில், ஒன்றோடொன்று பிணைந்திருந்த துகள்கள் பிணைப்பை இழந்து, கோணமுனைகள் கொண்ட தனித்தனிப் படிகங்களாக மாறிவிடுகின்றன. கையில் அள்ளினால் சீனியைப் போல விரல் இடுக்கில் வழிந்தோடும். மலையேறுவோர் இதைச் 'சர்க்கரைப் பனி' என்றே அழைக்கின்றனர். சீனி மூட்டையின்மீது கருங்கல் பலகையை ஏற்றி, அதைச் சாய்த்து வைத்தால் என்ன ஆகும்? அதுதான் பின்னர் மலையில் நடக்கிறது.

இமயத்தின் மேற்குப் பகுதியில் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவன மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறுகள்' எனப்படும் வானிலை அமைப்புகள். நடுக்குளிர்காலத்தில் அடுத்தடுத்து வரும் இவை, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைவெளி விட்டே வருகின்றன. ஒருநாள் பனி பெய்யும். பின்னர் இரண்டு மூன்று வாரங்கள் தெளிந்த வானம், கடுங்குளிர் இரவுகள். சுற்றுலாப் பயணிக்கு அது புகைப்படம் எடுக்க உகந்த காலம். பனியடுக்குக்கோ, அதன் அடித்தளம் சீனியாக உதிரும் காலம். வெயில் படாத வடக்கு நோக்கிய சரிவுகளில் இந்த நலிவு இன்னும் நெடுநாள் நீடிக்கும்.

கரிசல் மண்ணில் பிறந்தவனுக்கு இது புதிய பாடமன்று. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் வட்டாரத்து மானாவாரி விவசாயி, புரட்டாசியில் மழையை எதிர்பார்த்துப் புழுதியிலேயே உளுந்தையும் பாசியையும் மக்காச்சோளத்தையும் விதைக்கிறார். நல்ல உழவு மழையாகப் பெய்தால் கவலையில்லை; மழையே பெய்யாவிட்டாலும் விதை மண்ணுக்குள் காத்திருக்கும். அவர் அஞ்சுவது இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை. சிறு தூறல் விழுந்து, விதை முளைவிட்டு, அதன்பின் இரண்டு வாரம் வெயிலடித்தால் முளை கருகும்; மறுவிதைப்புக்குக் கடன் வாங்க வேண்டும். மண்ணைத் தோண்டி, 'மேல் ஈரமும் கீழ் ஈரமும் சேர்ந்துவிட்டதா' என்று பார்க்கும் பழக்கம் இங்கே உண்டு. நடுவில் ஒரு சாண் காய்ந்த மண் இருந்தால், மேலே எவ்வளவு பசுமை தெரிந்தாலும் அனுபவசாலி நம்ப மாட்டார்.

பனியியலாளர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. அவர் சரிவில் ஒரு குழி தோண்டி, பக்கவாட்டில் தெரியும் அடுக்குகளை விரலால் அழுத்திப் பார்க்கிறார். ஒவ்வோர் அடுக்கின் வெப்பநிலையையும் அளக்கிறார். மேலே தெரியும் வெண்மை அவருக்கு முக்கியமன்று. இரண்டு உறுதியான அடுக்குகளுக்கு நடுவே நலிந்த அடுக்கு ஒன்று ஒளிந்திருக்கிறதா என்பதே அவருடைய தேடல். சிறு மழைக்குப் பின் வரும் வறட்சி கரிசலுக்குச் செய்யும் கேட்டைச் சிறு பனிக்குப் பின் வரும் தெளிந்த வானம் மலைக்குச் செய்கிறது.

நலிந்த அடுக்கு மட்டும் சரிவை உண்டாக்குவதில்லை. அதன்மீது ஒரு சுமை ஏற வேண்டும். அடுத்த பெரும் பனிப்பொழிவு அதை ஏற்றலாம். பனியே பெய்யாமல் காற்று மட்டும்கூட ஏற்றலாம். முகட்டின் ஒருபுறத்துப் பனியை வாரி மறுபுறம் கொட்டி, இறுகிய பாளமாக்கிவிடும். சரிவின் சாய்வு 30 முதல் 45 டிகிரி வரை இருந்தால் ஆபத்து மிகுதி. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். அதைவிடச் சமதளமாக இருந்தால் நழுவாது. நடந்து ஏறுவதற்கும் பனிச்சறுக்குக்கும் மனிதர்கள் விரும்பித் தேர்வதும் பெரும்பாலும் இந்த இடைப்பட்ட சாய்வையே என்பதுதான் சோகம்.

அரை மீட்டர் கனமுள்ள பாளம் என்றால் அற்பமாகத் தோன்றும். 50 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள சிறு சரிவில், ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ எடையுள்ள பனி அரை மீட்டர் உயரத்துக்குக் கிடந்தால் அதன் மொத்த எடை 250 டன். பத்து டன் ஏற்றும் லாரிகள் இருபத்தைந்தின் சுமை அது. அத்தனையும் ஒரு நொடியில் விரிசல்விட்டு ஒருசேர நழுவுகிறது. அதைத் தூண்டிவிட ஒரு மனிதனின் காலடி போதும். பொழுதுபோக்குப் பயணங்களில் நேரும் பனிச்சரிவு மரணங்களில் பத்துக்கு ஒன்பது, சிக்கியவர்களோ அவர்களுடன் சென்றவர்களோ தாமே தூண்டிவிட்டவை என்பது மேலை நாடுகளின் நெடுங்கால அனுபவம்.

பருவத் தொடக்கத்துக்கே உரிய வேறு இரு ஆபத்துகளும் உண்டு. பனி மெல்லியதாக இருப்பதால் பாறைகள் முழுமையாக மூடப்பட்டிருக்காது. சிறிய சரிவில் அடித்துச் செல்லப்படுபவர்கூடப் பாறையில் மோதிப் படுகாயமடைவார். பனியாறுகளின்மேல் விழும் புதுப்பனியோ ஆழமான பிளவுகளின் வாயை மட்டும் மெல்லிய பாலமாக மூடி மறைத்துவிடும். பார்வைக்கு வழி, காலை வைத்தால் குழி.

இங்கே பொருளியல் மாணவனாக என்னை மிகவும் உறுத்துவது, மலை நமக்குக் கற்பிக்கும் தவறான பாடம். சந்தையில் பிழையான முடிவெடுத்தால் நட்டம் உடனே தெரியும், அடுத்தமுறை திருந்துவோம். பனிச்சரிவில் அப்படியில்லை. நலிந்த அடுக்கின்மீது ஒன்பது முறை நடந்தாலும் ஒன்றும் நேராமல் போகலாம். ஒவ்வொரு முறையும் 'நம் கணிப்பு சரி' என்ற நம்பிக்கை வளர்கிறது. உண்மையில் கணிப்பு சரியாக இருந்ததா, நல்லூழ் காத்ததா என்பதை மலை சொல்வதேயில்லை. பத்தாவது முறை சொல்லும்போது கேட்பதற்கு ஆளிருப்பதில்லை. அனுபவம் மிக்க வழிகாட்டிகளும் பலியாவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு முரணும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து நிலைகளாகப் பகுத்து அறிவிக்கின்றன. மிக அதிக உயிரிழப்பு ஐந்தாம் நிலையில் நேரும் என்றே எவரும் நினைப்பர். உண்மையில் மிகுதியான மரணங்கள் நடுவிலுள்ள மூன்றாம் நிலையில்தான் நிகழ்கின்றன. ஐந்தாம் நிலை அறிவிக்கப்பட்டால் சாலைகள் மூடப்படுகின்றன, மக்கள் வீட்டிலிருக்கிறார்கள். மூன்றாம் நிலையிலோ வானம் தெளிந்திருக்கும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஆயிரக்கணக்கானோர் மலையில் இருப்பர். ஆபத்தின் அளவும் அதற்கு ஆட்படுவோரின் எண்ணிக்கையும் சேர்ந்துதான் இழப்பைத் தீர்மானிக்கின்றன. முதற்பனிக் காலம் பல நேரங்களில் இந்த நடுநிலையைச் சேர்ந்தது.

புதையுண்டவரைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. முதல் கால்மணி நேரத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்றும், அரைமணி நேரத்தைச் சற்றுத் தாண்டினாலே அது மூன்றில் ஒருவராகக் குறைகிறது என்றும் சுவிட்சர்லாந்தின் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. ஓடிவந்து நின்ற பனி சில நொடிகளில் காரைபோல இறுகிவிடுவதால், தானே கையை அசைத்து வெளியேறுவது அரிது. எனவே காப்பாற்றக் கூடியவர் ஹெலிகாப்டரில் வருபவரல்லர். அருகில் நிற்கும் தோழரே. அவரிடம் இருப்பிடம் காட்டும் கருவியும், நீண்ட துழாவுகோலும், மண்வாரியும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும்.

இவ்விதிக்கு விலக்காக ஒரு நிகழ்வை நாடே பார்த்தது. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, சியாச்சினில் 19,600 அடி உயரத்திலிருந்த காவல் நிலையின்மீது பனிப்பாறைச் சுவர் சரிந்து விழுந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்களைப் புதைத்தது. ஆறு நாள் தேடலுக்குப் பின், கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் அனுமந்தப்பா கொப்பத் உயிருடன் மீட்கப்பட்டார். ஆனால், பிப்ரவரி 11-இல் தில்லி ராணுவ மருத்துவமனையில் காலமானார். அப்பத்துப் பேரில் நால்வர் தமிழகத்தவர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். பனியையே கண்டிராத ஊர்களுக்கு அந்த வாரம் பனி வந்துசேர்ந்தது, மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டிகளில்.

எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். 2012 ஏப்ரல் 7-ஆம் தேதி, சியாச்சின் அருகே கயாரியில் பாகிஸ்தான் ராணுவத் தளம் ஒன்றின்மீது விழுந்த பனிச்சரிவில் 140 பேர் மாண்டனர். அந்தப் பனிப் போர்க்களத்தில் இரு தரப்பிலும் துப்பாக்கிக் குண்டைவிட மிகுதியான உயிர்களைப் பறித்தவை குளிரும் உயரமும் சரிவுமே.

வீரர்கள் மட்டுமல்ல, கூலித் தொழிலாளர்களும் இந்த ஆபத்தைச் சுமக்கிறார்கள். 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி, பத்ரிநாத் அருகே மாணா கிராமத்தில் எல்லைச் சாலை அமைப்பின் பணியாளர் முகாம்மீது பனிச்சரிவு விழுந்தது. சிக்கிய 54 தொழிலாளர்களில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி, சிக்கிமின் நாதுலா சாலையில் சுற்றுலாப் பயணிகள் ஏழு பேர் மாண்டனர். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, குளிர்காலத்தில் ஆறு மாதம் துண்டிக்கப்பட்டிருந்த லாஹூல் பள்ளத்தாக்குக்கு இப்போது பனி பார்க்க வாகனங்கள் வரிசைகட்டிச் செல்கின்றன. வளர்ச்சி வேண்டியதுதான். ஆனால், சாலை போன இடத்துக்கெல்லாம் எச்சரிக்கையும் சேர்ந்து போயிருக்கிறதா என்பதே கேள்வி.

நம் கடற்கரைக்கும் அந்த மலைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதையும் பலர் அறிவதில்லை. 2014 அக்டோபர் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, 14-ஆம் தேதி நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் குறைந்தது 43 பேர் இறந்தனர். அக்டோபர்தான் அங்கே மலைநடைப் பயணத்தின் உச்ச பருவம். 1995 நவம்பரிலும் ஆந்திரக் கரையைக் கடந்த வங்கக்கடல் புயலொன்றைத் தொடர்ந்து, எவரெஸ்ட் வட்டாரத்தின் கோக்யோ பள்ளத்தாக்கில் பனிச்சரிவு நேர்ந்து, ஜப்பானிய மலைநடைப் பயணிகளும் அவர்களுடைய நேபாள உதவியாளர்களும் மடிந்தனர். நம் ஊரில் ஐப்பசி மழையைத் தருகிற அதே கடல்தான் அங்கே எதிர்பாராத முதற்பனியையும் தருகிறது. புயல் கரையைக் கடந்த நாளுக்கும் பனி கொட்டிய நாளுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு நாள் அவகாசம் இருந்தது. தகவல் இருந்தது, அது மலைப்பாதையில் நடப்பவரிடம் போய்ச் சேரவில்லை.

இந்தியாவில் இதற்கான அறிவு இல்லாமல் இல்லை. பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 1969-இல் மணாலியில் தொடங்கப்பட்டது. 2020-இல் அது மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, சண்டீகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனமாகச் செயல்படுகிறது. பனிச்சரிவு அபாய முன்னறிவிப்புகளை அது வெளியிடுகிறது. மலை மாநிலங்களின் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் அவற்றைப் பரப்புகின்றன. தொலைதூரத்திலிருந்து செல்லும் பயணியின் கைக்கும் மொழிக்கும் அது எட்டுவதே இனிச் செய்ய வேண்டியது. முன்னறிவிப்பு என்பது பொருளியலார் கூறும் பொதுப்பொருள். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைவதில்லை. அத்தகைய பொருளைச் சந்தை தானாக வழங்காது. அரசுதான் வழங்க வேண்டும்.

மூன்று செயல்கள் உடனே சாத்தியம் என்பது என் கருத்து. முதலாவது, பனிச்சரிவு அறிவிப்பு ஜனவரிக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை விட்டு, அக்டோபரில் விழும் முதற்பனியிலிருந்தே அடுக்குகளின் வரலாற்றை எளிய மொழியில் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மலைநடைப் பயணங்களை விற்கும் நிறுவனங்கள் அன்றைய அபாய நிலையைப் பயணிக்கு எழுத்தில் தெரிவிப்பதும், ஆபத்து மிகுந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். பணம் போய்விடுமே என்ற கவலைதான் பலரைத் திரும்பாமல் மேலே ஏற வைக்கிறது. மூன்றாவது, மலையில் வேலை செய்யும் சுமைதூக்கிகளுக்கும் சாலைத் தொழிலாளர்களுக்கும் முகாம் அமைக்கும் இடம், காப்பீடு, மீட்புக் கருவி ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்க வேண்டும். அபாயத்தை ஏற்பவர் ஒருவர், ஆதாயம் பெறுபவர் இன்னொருவர் என்றிருக்கும் வரை, பாதுகாப்புக்குச் செலவிட யாரும் முன்வர மாட்டார்கள்.

தனிமனிதர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவையும் சில உண்டு. அண்மையில் பக்கத்துச் சரிவு எதுவும் சரிந்திருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. காலடியில் பனி 'உம்' என்று அமுங்கும் ஒலியும், பாதத்திலிருந்து ஓடும் விரிசலும் இரண்டாவது எச்சரிக்கை. பெரும்பொழிவுக்கும் பலத்த காற்றுக்கும் அடுத்த ஓரிரு நாள்கள் சரிவுகளிலிருந்து விலகியிருப்பதே அறிவு. வெயில் திடீரென ஏறும் நண்பகலும் அவ்வாறே. வழிகாட்டி 'இன்று வேண்டாம்' என்றால், அவருடைய அச்சத்தைக் கோழைத்தனமாக எண்ணாமல் நன்றி சொல்லித் திரும்ப வேண்டும். மலை அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.

இவ்வளவையும் அன்று திண்ணையில் நின்ற அந்தத் தாயிடம் நான் சொல்லவில்லை. சீனியையும் கல்லையும் மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்தார். "அப்ப, புரட்டாசித் தூறலை நம்பி மொளைச்ச பயிறு மாதிரிதான் சார்" என்றார். முப்பதாண்டு ஆசிரியப் பணியில், சொன்ன பாடத்தை இத்தனை விரைவாகப் பிடித்துக்கொண்ட மாணவர்கள் மிகச் சிலரே.

மறுநாள் பால் கொண்டுவந்தபோது, மகனிடம் தொலைபேசியில் பேசிவிட்டதாகச் சொன்னார். அவனுடைய சுபேதார், முதற்பனி விழுந்த நாளிலிருந்தே ஒரு குறிப்பிட்ட சரிவின் பக்கம் யாரையும் போகவிடுவதில்லையாம்; சுற்றுவழியில் இரண்டு மணி நேரம் கூடுதலாக நடக்க வைக்கிறாராம். "கால் வலிக்குதும்மா என்று புலம்புகிறான் சார், வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அந்தச் சுபேதாரின் அறிவு ஒரு காவல் நிலைக்குள் முடங்கிவிடக் கூடாது. சாலைத் தொழிலாளியின் கூடாரத்துக்கும், விடுமுறைக்குச் செல்லும் மாணவரின் கைப்பேசிக்கும் அது போய்ச் சேர வேண்டும். சேர்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது. கேட்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. முதற்பனி அழகானதுதான். ஆனால், அந்தப் பருவம் முழுவதும் மலை எதன்மீது நிற்கப்போகிறது என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே!